மூன்று பூட்டுப் பெட்டி

நதேஜின் வீட்டுக் கதவில் மஞ்சள் காகிதத்தை ஒட்டியது ஜூன் மாதக் கடைசியில். கூரையைச் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் ஆகஸ்டு முடிவதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று நகராட்சிப் பொறியாளர் சுற்றிவளைத்து எட்டு வரியில் எழுதியிருந்தார். நதேஜ் எட்டு வரியையும் இரண்டு தடவை படித்தாள். ஹைத்தியிலிருந்து வந்து ஆறு வருடம் ஆகிறது. ஸ்பானிய மொழியில் இன்னும் தடுமாறுவாள். ஆனாலும் அந்தக் காகிதத்தில் அவளுக்குப் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை.

சிலி நாட்டின் சந்தியாகோ நகரத்தில், யுங்காய் பேட்டையில் அந்த மாதிரிக் குடியிருப்புகள் நிறைய உண்டு. சிதே என்பார்கள். தெருவில் ஒரே ஒரு இரும்பு கேட். உள்ளே நுழைந்தால் குறுகலாக ஒரு நடை. இரண்டு பேர் குடையோடு எதிரெதிரே வந்தால் ஒருவர் குடையை மடக்கத்தான் வேண்டும். நடைக்கு இந்தப் பக்கம் ஏழு வீடு, அந்தப் பக்கம் ஏழு வீடு. சுவர்கள் பொதுச் சுவர்கள். கூரையும் அப்படித்தான். ஒரு வரிசை முழுக்க ஒரே உத்தரம் ஓடுகிறது, அதன்மேல் தகரம். பன்னிரண்டாம் எண் வீட்டுத் தகரத்தில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் அங்கே சொட்டாது. உத்தரத்தைப் பிடித்துக்கொண்டே சாவகாசமாக நடந்து வந்து, எங்கே மரம் இற்றுப்போயிருக்கிறதோ அங்கே இறங்கும். அது இறங்கிய இடம் ஒன்பதாம் எண். நதேஜின் கட்டிலுக்கு நேர் மேலே.

அதனால்தான் ஒன்பதாம் எண்ணை மட்டும் பழுதுபார்ப்பதில் அர்த்தமில்லை. நகராட்சிக்கும் அது தெரியும். இந்த மாதிரிப் பழைய வரிசைகளுக்கு முழுக் கூரையையும் அவர்களே மாற்றித் தருகிறார்கள். ஒரு நிபந்தனை. குடியிருப்பவர்கள் சங்கம் அமைக்க வேண்டும். சங்கத்துக்கு எழுத்தில் விதிகள் இருக்க வேண்டும். அந்த விதிகளை மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் ரகசிய வாக்கெடுப்பில் ஏற்றிருக்க வேண்டும். கடைசி நாள் ஆகஸ்டு மூன்றாம் வெள்ளி, மதியம் இரண்டு மணி.

பதினான்கு வீட்டில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் ஒன்பதே சொச்சம். சொச்ச வீடு என்று ஒன்று கிடையாது என்பதால் பத்து.

அந்தக் குடியிருப்பில் ஏற்கெனவே ஒரு பாராளுமன்றம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் தோன் எரிபெர்த்தோ தன் வீட்டு மேசையை நடைக்கு இழுத்துப் போடுவார். வயதில் மூத்தவர்களைத் தோன், தோன்யா என்று மரியாதையாகச் சொல்வது அங்கே வழக்கம். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். நடையில் இருந்த ஒரே சிலிக்காரர். மேசைக்கு நாலு நாட்டுக்காரர்கள் வந்து சேருவார்கள். உக்ரைனில் குண்டு விழுந்தால் இங்கே ரொட்டி மாவு விலை ஏன் ஏறுகிறது என்பதிலிருந்து, யார் நாட்டில் யார் எத்தனை நாள் தாங்குவார் என்பது வரை பேச்சு ஓடும். யாரும் கேட்காமலேயே மூன்று வருடமாக உலகத்து அரசாங்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

அந்த வருடம் நாடே புதிய அரசியலமைப்புக்கு வாக்களிக்கக் காத்திருந்தது. வரைவுப் புத்தகத்தை நடைபாதையில் காலுறைகளுக்குப் பக்கத்தில் வைத்து விற்றார்கள். தோன் எரிபெர்த்தோ இரண்டு பிரதி வாங்கினார், படிக்க ஒன்று, இரவல் கொடுக்க ஒன்று. இப்போது தங்களுக்கே ஒரு சட்டம் எழுத வேண்டும் என்றதும் மேசையில் இருந்தவர்களுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒரு கூரைதானே? ரெண்டு பக்கம் எழுதினா போதாதா?" என்றாள் நதேஜ்.

"நாட்டுக்கு முந்நூத்துச் சொச்சம் விதி எழுதியிருக்காங்க, வெசினா," என்றார் தோன் எரிபெர்த்தோ. பக்கத்து வீட்டுப் பெண்களை எல்லாம் அவர் வெசினா என்றுதான் கூப்பிடுவார். "நாம ஒரு இருபது விதியாவது எழுதலன்னா வெளிய தலை காட்ட முடியுமா?"

இருபது விதிக்கு எட்டு ஞாயிறு ஆனது. ஏன் எட்டு என்றால், ஒவ்வொருவரும் தன் நாட்டில் எது கோணலாகிப் போனதோ அதற்கு இங்கே ஆணியடிக்கப் பார்த்தார்கள்.

நாலாம் எண் யூஸ்மேரி வெனிசுவேலாக்காரி. நகம் அலங்கரிக்கும் கடையில் வேலை. பேனாவை முதலில் பிடுங்கியது அவள்தான். "தலைவர் ஒரு வருஷம். அவ்வளவுதான். திரும்ப நிக்கக் கூடாது. பொண்டாட்டி நிக்கக் கூடாது, மச்சான் நிக்கக் கூடாது, நாய்க்குட்டியும் நிக்கக் கூடாது."

"ஒரு வருஷம் எதுக்கு? அது ரொம்ப நீளம்," என்றார் ஆறாம் எண் தோன்யா நெலிதா. பெருவிலிருந்து வந்து இருபது வருடமாக இங்கே சமையல் வேலை செய்கிறவர். "சரியில்லன்னா நடுவுலயே தூக்கணும். எங்க ஊர்ல ஒரே வாரத்துல மூணு அதிபரைப் பாத்தோம்."

"அது பெருமையா, தோன்யா?"

"பெருமை இல்லடி. பழக்கம்."

பதினொன்றாம் எண் ஓஸ்மானி கியூபாக்காரன். லா வேகா சந்தையில் மூட்டை இறக்குபவன். அவனுக்குத் தலைவர் எத்தனை நாள் இருந்தாலும் கவலை இல்லை. "எங்க ஊர்ச் சீட்டுல ஒரு இடத்துக்கு ஒரே பேருதான் இருக்கும். இங்க ஓட்டுச் சீட்டுல ரெண்டு கட்டம் இருக்கணும். அது மட்டும்தான் நான் கேக்கறது. நான் எதுல கோடு போட்டேன்னு ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியக் கூடாது."

நதேஜ் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். தலைவர் போனால் அன்றைக்கே அடுத்தவர் உட்கார வேண்டும், நாற்காலி ஒரு நாள்கூடக் காலியாக இருக்கக் கூடாது. யாரும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. முந்தின வருடம் அதிபரைச் சுட்டுக் கொன்ற பிறகு, காலி நாற்காலியைச் சுற்றி அவள் நாட்டில் என்னென்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

அவர்கள் விதிகளை மெருகேற்ற ஏற்ற நதேஜின் கட்டில் நகர்ந்துகொண்டே வந்தது. முதல் ஞாயிறு சுவரோரம் இருந்தது. ஐந்தாம் ஞாயிறு கதவோரம். ஒழுகும் இடத்தில் பெரிய அலுமினியப் பாத்திரம் வைத்திருந்தாள். விடிகாலை மூன்றரைக்கு ரொட்டிக் கடைக்குக் கிளம்பும்போது அதைக் காலி செய்து கவிழ்த்து, திரும்ப நிமிர்த்தி வைத்துவிட்டுப் போவாள்.

ஏழாம் ஞாயிறு பெட்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. தோன் எரிபெர்த்தோ தன் ரயில்வே காலத்து இரும்புப் பெட்டியைக் கொடுத்தார். ஓஸ்மானி மூடியில் சீட்டு நுழையும் அளவுக்குக் கீறினான்.

"சாவி யார்கிட்ட இருக்கும்?" என்றாள் யூஸ்மேரி.

"என்கிட்ட இருக்கட்டுமே," என்றார் தோன் எரிபெர்த்தோ.

யூஸ்மேரி, தோன்யா நெலிதா, ஓஸ்மானி மூன்று பேரும் ஒரே நேரத்தில் இருமினார்கள்.

"உங்க மேல சந்தேகம் இல்ல, தோன் எரிபெர்த்தோ. சாவி மேலதான் சந்தேகம்," என்றார் தோன்யா நெலிதா.

கடைசியில் பெட்டிக்கு மூன்று கொண்டி வைத்தார்கள். யூஸ்மேரி ஒரு பூட்டு, தோன்யா நெலிதா ஒரு பூட்டு, ஓஸ்மானி ஒரு பூட்டு. மூன்று சாவியும் ஒன்று சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். அதற்கு ஏழாவது விதியும் எழுதினார்கள்: பூட்டை உடைத்து எடுத்த வாக்கு செல்லாது. ஆறாவது விதியை தோன்யா நெலிதா சொல்லச் சொல்ல நதேஜ் எழுதினாள்: ஷிப்டு வேலை பார்ப்பவர்கள் இருப்பதால், பெட்டி திறக்கும் நிமிடம் வரை சீட்டுப் போடலாம்.

"நம்ம ஊரு மத்திய வங்கிக்கே இத்தனை பூட்டு கிடையாது," என்றார் மூன்றாம் எண் லிசிமாகோ தன் வாசலிலிருந்தே. கொலம்பியாக்காரர், தச்சர். மேசைக்கு வரமாட்டார். சங்கமே வேண்டாம் என்பது அவர் கட்சி. தன் வீட்டுத் தகரத்தின்மேல் அவரே ஒரு மாடி அறை கட்டியிருந்தார். யாரிடமும் அனுமதி கேட்காத அறை. நகராட்சிக்காரன் கூரை ஏறினால் முதலில் போவது அதுதான். அவரைப் போல இன்னும் இரண்டு மூன்று வீடுகள் இருந்தன என்று எல்லோரும் நினைத்தார்கள். யார் யார் என்று தெரியாது.

புதன்கிழமை ஒவ்வொரு வீடும் கையெழுத்துப் போட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டது. பதினான்கு கையெழுத்து. தோன் எரிபெர்த்தோவின் ஜன்னலில் பெட்டி இரண்டு நாள் இருந்தது. வெள்ளி காலை பத்து மணிக்கு எல்லோர் முன்னாலும் எண்ணுவது என்று ஏற்பாடு. எண்ணி முடித்து நடந்தாலே நகராட்சிக்குப் பதினைந்து நிமிடம்.

வெள்ளி காலை பத்து மணிக்கு மழை பெய்தது. யூஸ்மேரி சாவியோடு வந்தாள். தோன்யா நெலிதா சாவியோடு வந்தார். ஓஸ்மானி வரவில்லை.

பதினொன்றாம் எண் கதவைத் தட்டினார்கள். எதிர்வீட்டில் இருந்தவர் தலையை நீட்டினார். "அவன் நாலு மணிக்கே போயிட்டானே. கூட வேலை செய்யறவனுக்குக் காய்ச்சலாம். முதலாளி போன் பண்ணாரு."

ஓஸ்மானிக்குப் போன் அடித்தார்கள். அது அடித்துக்கொண்டே இருந்தது. மூட்டை இறக்குகிறவர்கள் போனைப் பையில் போட்டு மூலையில் வைத்துவிடுவார்கள். அவன் வேலை முடிந்து வர மாலை நாலு ஆகும். நகராட்சி இரண்டு மணிக்கு மூடிவிடும்.

நதேஜ் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது பூட்டு கட்டைவிரல் அளவுகூட இல்லை. வாசலில் கூடி நின்றவர்கள் மாறி மாறி மணி பார்த்தார்கள்.

தோன் எரிபெர்த்தோ உள்ளே போய் இரும்பு வெட்டும் பெரிய கத்தரியோடு வந்தார். அதை மேசைமேல் வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். டிக்கெட் இல்லாத பயணியிடம் சட்டம் பேசும்போது அவருக்கு எப்படி முகம் மலர்ந்திருக்குமோ, அப்படி மலர்ந்தது.

"நல்லா கேளுங்க. பூட்டை உடைச்சா செல்லாதுன்னு எங்க எழுதியிருக்கு? ஏழாவது விதியில. ஏழாவது விதி எங்க இருக்கு? இந்தப் பத்திரத்துல. பத்திரம் எப்ப அமலுக்கு வரும்? ஓட்டு எண்ணி, பத்து வீடு சரின்னு சொன்ன பிறகு. அப்ப இந்த நிமிஷம் ஏழாவது விதின்னு ஒண்ணு இருக்கா? இல்ல. வெட்டுங்க, வெசினா. எந்தச் சட்டமும் மீறல."

நதேஜ் அதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். ஒரு இடத்திலும் தட்டவில்லை. சட்டம் பிறப்பதற்கு முன்னால் அந்தச் சட்டத்தை மீற முடியாதுதான். அவ்வளவு கச்சிதமான நியாயத்தை அவள் கேட்டதே இல்லை. கத்தரியைக் கையில் எடுத்தாள். பாத்திரத்தில் சொட்டுவது ஒன்பதாம் எண்ணிலிருந்து கேட்டது.

எட்டு ஞாயிறாக வாயை மூடாத யூஸ்மேரி இப்போது வேறு பக்கம் திரும்பி நின்றாள்.

"நீ ஏன் பேசமாட்டேங்கற?" என்றாள் நதேஜ்.

"நான் என்னத்தச் சொல்ல? உனக்கு வீடு போகுது. நீ வெட்டு, நான் பாக்கலன்னு சொல்லிடறேன்." குரல் தணிந்தது. "எங்க ஊர்லயும் அப்படித்தான் சொன்னோம். ஒவ்வொரு தடவையும் நல்ல காரணம் இருந்துச்சு."

நதேஜ் நிமிர்ந்தாள். கூட்டத்துக்குப் பின்னால் லிசிமாகோ கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகவும் இல்லை. எதையோ ஏற்கெனவே எதிர்பார்த்து வந்தவர் மாதிரி இருந்தார்.

அந்தப் பார்வையில்தான் அவளுக்குப் பூட்டின் வேலை விளங்கியது. திருடனைத் தடுக்க அது பத்தாது. திருடன் பெட்டியையே தூக்கிக்கொண்டு போவான். ஜெயிக்கிறவனுக்கும் அது தேவையில்லை, அவன் எப்படியும் நம்புவான். தோற்கப் போகிறவன், ஆமாம், தோற்றேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக அவனுக்கு ஏதாவது ஒன்று கையில் வேண்டும். அதற்குத்தான் பூட்டு. கூரை போடும்போது ஏணியைப் பிடித்துக்கொள்ள மூன்றாம் எண்ணும் வேண்டும்.

கத்தரியைக் கீழே வைத்தாள்.

"சாவி வரலன்னா என்ன, பெட்டி சாவிகிட்ட போகட்டும்," என்றாள். "தோன்யா, உங்க சந்தை வண்டி எங்க?"

தோன்யா நெலிதாவின் இரண்டு சக்கரத் துணிவண்டி, காய்கறி வாங்கப் போகும்போது இழுத்துக்கொண்டு போவது, நடைக்கு வந்தது. பெட்டி அதற்குள் சரியாக உட்கார்ந்தது. மேலே பிளாஸ்டிக் உறை போட்டார்கள்.

"நானும் வரேன்," என்றார் லிசிமாகோ. "வழியில நீங்க எதையாவது மாத்திட்டா?"

"வாங்க, வந்து வண்டிய இழுங்க," என்றார் தோன்யா நெலிதா. "சந்தேகப்படறவருக்குத்தான் தோள் நல்லா இருக்கும்."

ஐந்து பேரும் பேருந்து ஏறினார்கள். பெட்டிக்கு டிக்கெட் உண்டா என்று ஓட்டுநர் கேட்க, தோன் எரிபெர்த்தோ அதற்கும் விதி சொல்ல ஆரம்பித்தார். யூஸ்மேரி அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மாபோச்சோ ஆறு மழையில் காபி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பாலம் தாண்டி இறங்கினார்கள்.

லா வேகாவில் ஓஸ்மானியைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. வெங்காயக் கொட்டகையில் லாரியின் மேல் நின்றிருந்தான். இவர்களைப் பார்த்ததும் மூட்டையைப் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஐயோ என் ராணி! பத்து மணி! சாவி!" கழுத்துச் சங்கிலியை வெளியே இழுத்தான். மாதா டாலரோடு சாவியும் தொங்கியது.

"சாவி இருக்கு, மூளை எங்க?" என்றாள் யூஸ்மேரி.

ஓஸ்மானி லாரியிலிருந்து குதித்தான். சட்டைப் பையைத் தடவினான். நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தான். வெறும் சீட்டு.

"இன்னும் போடலையா நீ?" என்று தோன் எரிபெர்த்தோ அலறினார்.

"கடைசியா போடலாம்னு வச்சிருந்தேன்," என்றான் அவன். கொஞ்சம் வெட்கப்பட்டான். "ரெண்டு கட்டம் இருக்கற சீட்டு. ரெண்டு நாள் பையில வச்சுச் சுத்தினேன். தப்பா?"

எல்லோரையும் முந்திக்கொண்டு லிசிமாகோ பேசினார். "பெட்டி இன்னும் திறக்கல. ஆறாவது விதி. போடலாம்." மேசைக்கே வராதவர் விதிகளை எண் வாரியாக மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

"ஆனா யாரும் பாக்கக் கூடாது," என்றான் ஓஸ்மானி.

"திரும்புங்க!" என்றார் தோன்யா நெலிதா. ஐந்து பேரும் திரும்பினார்கள். "நீங்களும்தான்!" வேடிக்கை பார்த்த சுமைக்காரர்கள், வெங்காயம் வாங்க வந்த இரண்டு பெண்கள், கணக்குப்பிள்ளை எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றார்கள்.

"என்னப்பா விஷயம், யாராவது குளிக்கறாங்களா?" என்றது ஒரு குரல்.

"ஜனநாயகம் நடக்குது, திரும்பாத," என்றார் இன்னொருவர்.

சீட்டு விழுந்தது. லிசிமாகோவே பெட்டியைத் தூக்கி நன்றாகக் குலுக்கினார். மூன்று சாவி, மூன்று பூட்டு. மூடி திறந்தது.

அந்த நாட்டில் வாக்கு எண்ணும் முறை எளிமையானது. ஒருவர் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து உரக்கப் படிப்பார். படித்ததைத் திருப்பி எல்லோருக்கும் காட்டுவார். யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். தோன் எரிபெர்த்தோ வெங்காய மூட்டையின் மேல் ஏறி நின்று பிரித்தார். ஒரு சுமைக்காரர் மரப்பெட்டியின் பக்கவாட்டில் சாக்கட்டியால் கோடு போட்டார்.

"ஏற்கிறேன்!" காட்டினார். "ஏற்கிறேன்! நிராகரிக்கிறேன்!"

ஆறு ஏற்பு, ஒரு மறுப்பு. எட்டு, இரண்டு. நதேஜுக்கு எண்ண வேண்டியதில்லை, சாக்கட்டியின் கீறல் சத்தமே போதுமாயிருந்தது. ஒன்பது, இரண்டு. ஒன்பது, மூன்று. மிச்சம் இரண்டு சீட்டு. தோன் எரிபெர்த்தோ கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் யூஸ்மேரி நதேஜின் முழங்கையை நசுக்கியே விட்டாள்.

"ஏற்கிறேன்!"

கொட்டகை கத்தியது. எதற்கென்று தெரியாதவர்களும் கத்தினார்கள். தோன்யா நெலிதா நதேஜைக் கட்டிக்கொண்டார்.

"இருங்க! இருங்க!" தோன் எரிபெர்த்தோ மூட்டைமேல் காலால் உதைத்தார். "இன்னும் ஒண்ணு இருக்கு! ஒரு வீட்டுக்காரங்க பேசறாங்க, கேளுங்கப்பா!"

சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு கடைசிச் சீட்டைப் பிரித்து, முதல் சீட்டைப் படித்த அதே குரலில் படித்தார். "நிராகரிக்கிறேன்." நாலு பக்கமும் திருப்பிக் காட்டினார்.

சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று நகராட்சிப் படிவத்தில் இருந்தது. லிசிமாகோ பேனாவை வாங்கினார். "எனக்குப் பிடிக்கல," என்றார். "ஆனா நான் பாத்தேன். சரியா எண்ணினாங்க." போட்டுவிட்டு நதேஜைப் பார்த்தார். "கூரை பிரிக்கற அன்னிக்கு முன்னாடியே சொல்லுங்க. மேல இருக்கற பலகையெல்லாம் நானே இறக்கிக்கறேன். அவங்க கிட்ட விட்டா உடைச்சிடுவாங்க."

நகராட்சி ஜன்னலில் முத்திரை விழுந்தபோது ஒன்று ஐம்பது. காகிதத்தைப் பிடித்திருந்த கையில் வெங்காய வாசனை அடித்தது. திரும்பி வரும் பேருந்தில்தான் நதேஜ் கணக்குப் பார்த்தாள். காலையில் பூட்டை வெட்டியிருந்தால் பெட்டியில் பதிமூன்று சீட்டுதான் இருந்திருக்கும். ஓஸ்மானி போட்டது ஏற்பு என்றால், அப்போது ஒன்பதுதான் வந்திருக்கும். போயிருக்கும் வீடு. அவன் போட்டது மறுப்பு என்றால், காலையிலேயே பத்து இருந்திருக்கும், இந்த ஓட்டமெல்லாம் வீண். எது உண்மை என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அப்படி வழி இல்லாமல் செய்வதற்காகத்தான் எட்டு ஞாயிறு உட்கார்ந்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து வரும்போது பதினான்கு ரொட்டி சூடாக எடுத்து வந்தாள். ஒவ்வொரு கதவிலும் ஒன்று கொடுத்தாள். அவர்களில் நான்கு பேர் அவள் கூரைக்கு வேண்டாம் என்று சொன்னவர்கள். லிசிமாகோவைத் தவிர மற்ற மூவர் யார் என்று தெரியாது. யோசித்தால் அவரையும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஓஸ்மானி கதவைத் திறந்தான். ரொட்டியை வாங்கி முகர்ந்தான்.

"நான் எதுல கோடு போட்டேன்னு கேக்கலையே நீ?"

"கேக்க மாட்டேன்."

"கேட்டாலும் சொல்லமாட்டேன், என் ராணி," என்று சிரித்தான்.

மதியம் மேசை நடைக்கு வந்தது. சங்கத்துக்குத் தலைவர் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு வருடம்தான், திரும்ப நிற்கக் கூடாது, நடுவில் எப்போது வேண்டுமானாலும் தூக்கலாம், சாவி கையில் இருக்காது. அப்படியொரு பதவிக்கு யாரும் முன்வரவில்லை. எல்லோரும் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். நாற்காலி ஒரு நாள்கூடக் காலியாக இருக்கக் கூடாது என்று எழுத வைத்தது யார் என்று யூஸ்மேரி மெல்ல ஞாபகப்படுத்தினாள். எல்லோர் முகமும் ஒன்பதாம் எண் பக்கம் திரும்பியது.

நதேஜ் ரொட்டியைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டாள். உள்ளே பாத்திரத்தில் ஒரு சொட்டு விழுந்தது.

"செப்டம்பர் மொத வாரம் தகரம் வருதாம்," என்றாள். "பன்னிரண்டாம் எண்ல இருந்து ஆரம்பிக்கச் சொல்லணும். ஓட்டை அங்கதான்." நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.